அவன் பெயரில் இருந்த எண்

ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், கம்பெனி பஸ்ஸில் போனைத் தொலைத்தேன். புது சிம் வாங்கப் போன இடத்தில் என் விரல் ரேகை விழவில்லை. நாள் முழுக்க இரும்புப் பாகங்களில் பிசிறு தேய்க்கும் வேலை. விரல் நுனிகள் வழவழவென்று ஆகியிருந்தன. கடைக்காரர் துடைத்துத் துடைத்து வைக்கச் சொன்னார். மெஷின் என்னை ஏற்கவே இல்லை.

கூட வந்த அறைத் தோழன் என்னைத் தள்ளிவிட்டுத் தன் கட்டைவிரலை வைத்தான். மதுரைப் பக்கத்துக்காரன்.

"விடுடா மாப்ள. சிம்முதான, சொத்தவா எழுதி வைக்கிறேன்?"

எங்கள் பஸ் ரூட்டுக்கு வாட்ஸ்அப் குரூப் தொடங்கியது அந்த எண்ணில்தான். பஸ் எங்கே வருகிறது, கேன்டீன் சாம்பாரில் பருப்பு உண்டா, இதுதான் பேச்சு. டிப்ளமா படித்தவன் என்று அட்மின் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். யாராவது ஒன்று கேட்டால், தேடிப் படித்தாவது பதில் சொல்லிவிட வேண்டும் எனக்கு.

ஒரு மதியம் ஷிப்ட் முடிந்ததும் எல்லோரையும் கேன்டீனில் உட்கார வைத்து, சைபர் விழிப்புணர்வுக் கூட்டம் என்றார்கள். அரசாங்கத்திலிருந்து வந்த அதிகாரி ஓடிபி மோசடி பற்றி இரண்டு நிமிஷம் பேசினார். பிறகு திரையில் முகமூடி போட்ட உருவம் ஒன்றைக் காட்டினார்.

"ஹேக்டிவிஸ்ட். இவன் உங்க குரூப்லயே இருப்பான். கவர்மென்டப் பத்தித் தப்பா ஒண்ணு வந்துச்சுன்னா, அனுப்புனவன், லைக் போட்டவன், அட்மின், அத்தன பேரும் உள்ள போகணும். சிம் யார் பேர்ல இருக்கோ, மொதல்ல அவன் வீட்டுக்குத்தான் வருவோம்."

பஸ் கிளம்பியதும், வேலை லைனில் என் பக்கத்தில் நிற்கும் மணிமங்கலத்துக்காரர் குரூப்பில் கேட்டார்: "ஹேக்டிவிஸ்ட்னா இன்னாபா, திருடனா?"

தேடிப் படித்து நீளமாக எழுதினேன். காசு திருடுகிறவர்கள் வேறு, இவர்கள் வேறு. ஒரு கொள்கைக்காக இணையதளங்களை முடக்குகிறவர்கள். சட்டப்படி அது குற்றம்தான். ஆனால் அவர்களைக் காட்டிப் பயமுறுத்துவதால், நாம் கேள்வி கேட்பதையும் எழுதுவதையும் நிறுத்த வேண்டியதில்லை.

அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். அத்தனை பேர் கையிலும் போன். யாரும் திரும்பவில்லை. பிறகு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அது அட்மினுக்கு மட்டும்தான் தெரியும். முன் சீட்டுக்காரன் வெளியேறியதை அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே தெரிந்துகொண்டேன்.

இறங்கும்போது மணிமங்கலத்துக்காரர் தோளில் தட்டினார். "திருடனான்னு தானேபா கேட்டேன்? ஆமா இல்லன்னு சொல்லிட்டுப் போவியா, பேப்பர்ல போட்றா மாதிரி எழுதிகினு! நானும் வெளிய வந்துட்டேன் நைனா. புள்ளகுட்டிக்காரன்."

பென்னலூரில் எங்கள் அறைக்கு வந்தபோது நண்பன் பாஸ்போர்ட் காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தான். சிங்கப்பூரில் வேலை சொல்லியிருந்தார்கள். போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி.

"மாப்ள, அந்த சிம்மக் குடுத்துர்றியா?"

"தப்பா ஒண்ணும் எழுதலடா. நீயே படிச்சுப் பாரு."

"குரூப்புலயே படிச்சேன். நல்லாத்தான் எழுதிருக்க. அதான் பயமா இருக்கு."

குரூப்பில் நான் மட்டும்தான் மிச்சம். குரூப்பை அழித்தேன். ஊக்கால் குத்தி சிம்மை எடுத்துக் கொடுத்தேன். அவன் அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன்பிறகும் ஒரே அறையில்தான் இருந்தோம். அவன் பாய்க்கும் என் பாய்க்கும் ஒரு முழம் இடைவெளி. "தண்ணி வந்துருச்சா?", "சாவி எங்க?" இவ்வளவுதான் பேச்சு. பேச ஆளில்லாத நாட்களில் கம்பெனி நோட்டீஸ் போர்டைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஒரு காலையில் போலீஸ்காரர் வந்தார். வீட்டு ஓனரிடம் இரண்டு கேள்வி, நண்பனிடம் ஒரு கையெழுத்து. சிம்மைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் பைக் தெருமுனையில் திரும்பியதும் நண்பன் சிரித்தான்.

"இம்புட்டுத்தானாடா?"

நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அவன் கிளம்பிய நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை போனேன். பஸ்ஸுக்கு நின்றபோது கேட்டான், "புது நம்பர் வாங்கிட்டியா? குடுடா, போய்ச் சேர்ந்ததும் பேசுறேன்."

வாங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. பேக்கிங் பிரிவுக்கு மாற்றியதில் விரல் தேறி, என் பெயரிலேயே கிடைத்திருந்தது. போன் சட்டைப் பையில்தான் இருந்தது.

"இன்னும் வாங்கலடா."

கோபத்தில் சொன்னேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கோபம் இருந்தது. ஆனால் முதலில் வந்தது பயம். தெரியாத ஊரில், என்னிடமிருந்து வந்த ஏதோ ஒன்றால் அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால்?

"வாங்குனதும் என் நம்பருக்கு ஒரு ஹாய் போடு. வாட்ஸ்அப் இதே நம்பர்தான்," என்று படியில் நின்று கத்தினான்.

அவன் எண் எனக்கு மனப்பாடம். சில மதியங்களில் ஹாய் என்று அடித்து, பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அழித்துவிடுகிறேன்.