வாளியும் மொப்புமாகப் படித்த டொச்

முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தால் வாளி தருவார்கள், மொப் தருவார்கள், கையுறையும் தருவார்கள். பாஷையை மட்டும் நீங்களே கொண்டுவர வேண்டும். ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் இருபது வருஷம் "யா, யா" என்று தலையாட்டியே காலம் தள்ளியவள் நான். இங்கே வந்த உங்களிலும் பாதிப் பேர் அப்படித்தான், மறைக்க வேண்டாம். எங்கள் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவ ஓய்வு பெற்றபோது, அந்த இடத்தில் எனக்கு ஆசை வந்தது. முதலாளி ஒரு நிபந்தனை சொன்னார்: மகனைத் துணைக்குக் கூப்பிடாமல் டொச், அதுதான் ஜேர்மன் பாஷை, கதைக்க வேண்டும். மூன்று மாதம் தவணை.

காதுக்குள் ஒரு ரீச்சர்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். புத்தகம் சரிவராது, காது சரிவரும். குட்டி வீடியோக்களில் டொச் படிப்பிக்கிற ஒரு பெண்ணை மகன் கைபேசியில் காட்டித்தந்தான். ஒரு காதில் அவ, மற்றக் காதில் தாதிமார். அவ ஒரு வசனம் சொல்ல, நான் மொப்பை இழுத்தபடி திருப்பிச் சொல்வேன். நீளமான வசனத்துக்கு நீளமான இழுவை. என்னோடு வேலை செய்கிற துருக்கிக்காரி ஃபாத்மா மூன்று நாள் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கமலா, நீ சுவரோடை கதைக்கிறது சரி, சுவர் என்ன சொல்லுது?"

சட்டி விற்கிறவர்

ஒரு வீடியோ பார்த்தால் கைபேசி அடுத்ததைத் தானே தள்ளிவிடும். எனக்குத் தள்ளிவிட்டது, நேரலையில் சட்டி பானை விற்கிற ஒரு மனுசனை. வலு தெளிவான பேச்சு. இரண்டு கிழமை அவரைப் பாடமாக்கினேன். தலைமைத் தாதி வந்து பன்னிரண்டாம் அறை ஆயத்தமா என்று கேட்க, என் வாயில் வந்தது அவருடைய வசனம்தான்: இன்றைக்கு மட்டும், உங்களுக்கு மட்டும், தவறவிடாதீர்கள். அவ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னா: "அப்பிடியெண்டா எனக்கு ரெண்டு அறை தாங்கோ."

போட்டு வாறன்

எங்கள் வீடுகளில் "போறன்" என்று சொல்லிவிட்டு யாரும் படியிறங்குவதில்லை. டொச்சிலும் எனக்கு அது ஏலாது. வீடியோக்களில் பொறுக்கிய சொற்களைச் சேர்த்து, ஒவ்வொரு அறையிலும் "போட்டு வாறன்", போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்று டொச்சில் சொல்லிப் பழகினேன். ஏழாம் அறை லேமன் அம்மா அதை நம்பிவிட்டா. நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன். அவ இரண்டு கோப்பை கோப்பியோடு கதவடியில் இருந்து, சாப்பாட்டுக்கும் எழும்பவில்லையாம்.

அடுத்த நாள் முதலாளி கூப்பிட்டார். வயசான அம்மாவுக்கு வாக்குக் கொடுத்து ஏமாற்றினேன் என்று முறைப்பாடு. தவணை முடிய ஒரு கிழமை. மகனைக் கூப்பிடக் கைபேசியைத் தூக்கினேன். பிறகு மேசையில் கவிழ்த்து வைத்தேன். போகிறவர் திரும்பி வரவேண்டும் என்றுதான் எங்கள் சனம் அப்படிச் சொல்கிறது, நானும் இன்றைக்கு வந்திருக்கிறேன்தானே என்று டொச்சிலேயே சொல்லி முடித்தேன். தடக்கினேன், நிறுத்தவில்லை. அவர் எழும்பிக் கை தந்தார்: "இருபது வருசத்திலை நீங்கள் என்னோடை கதைச்சது இப்பத்தான். திங்கள் துவக்கம் குழு உங்கடை."

நேரே ஏழாம் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், கோப்பியும் குடித்தேன். வெளிக்கிடும்போது வழமைபோலச் சொன்னேன். லேமன் அம்மா சுவர் மணிக்கூட்டைக் காட்டினா: "சரி. எத்தினை மணிக்கு?"

பாஷை தெரியாத இருபது வருஷம் ஒருவரும் என்னிடம் ஒரு முறைப்பாடும் சொன்னதில்லை. இப்போது இல்லத்தின் மூன்று மாடியும் என்னிடம்தான் சொல்கிறது, அவ்வளவும் எனக்கு விளங்கியும் தொலைக்கிறது.