ஆயுத பூஜையன்று எடுத்த கல்

என் வீட்டுக்காரருக்கு என்னைவிட அந்த அம்பாசிடர் மேல்தான் பாசம். எழுபதுகளின் கடைசியில், யாரோ ஓட்டித் தேய்த்த வண்டியை வாங்கி, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக்கு ஓட்டினார். அரியலூர் ரயிலுக்கு ஆள் ஏற்றிப்போவதில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

ஹேண்ட் பிரேக் அதில் பேருக்குத்தான். இழுத்தால் கரகரவென்று சத்தம் வரும், பிடிக்காது. அதனால் மனிதர் எங்கே நிறுத்தினாலும் இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லையும் முட்டுக்கொடுப்பார். அந்தக் கல் டிக்கியிலேயே கிடக்கும். "பிரேக்கைச் சரி பண்ணித் தொலைங்களேன்" என்று நான் கத்தாத நாளில்லை.

"கல்லு இருக்குல்ல புள்ள, அது போதும்" என்பார்.

அந்த ஆயுத பூஜைக்கு ஏரியில் வண்டியைக் கழுவி, கரையிலிருந்து இறங்கும் பாதையில், ஐயனார் கோயில் முன்னால் நிறுத்தினார். பொட்டு வைத்து மாலை போட்டோம். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைக்கக் கல் இடைஞ்சலாக இருந்தது; எடுத்து ஓரமாகப் போட்டார். கற்பூரம் காட்டும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து டிரைவர்களின் வழக்கம். ஓடுகிற வண்டியைக் கியரில் விட்டு இறங்க முடியுமா? நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்துவிட்டு இறங்கினார்.

"ஏங்க, சரிவா இருக்கே?"

"சாமி முன்னாடி நிக்குது. எங்க போயிடப் போவுது?"

கற்பூரம் காட்டினேன். அவர் வண்டிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, இரண்டு கைகளையும் நீட்டிக் கும்பிட்டார். எலுமிச்சம்பழம் நசுங்குகிற சத்தம் கேட்டது. வண்டிக்குள்தான் யாருமில்லையே என்று ஒரு கணம் மரமாக நின்றுவிட்டேன்.

"அய்யோ, எந்திரிங்க! வண்டி வருது!"

இன்ஜின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. தட்டை வீசிவிட்டு, ஓரத்தில் கிடந்த கல்லைத் தூக்கி என் பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினேன். வண்டி நின்றது. அதற்குள் மறுபக்கத்துச் சக்கரம் அவருடைய இடது கைமேல் ஏறியிருந்தது. உயிர் பிழைத்ததே பெரிது என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

அம்பாசிடரில் ஸ்டியரிங்கை ஒட்டியிருக்கும் கியரை இடது கையால்தான் மாற்ற வேண்டும். அவருக்கு அந்தக் கை விரல்கள் மடங்கவே இல்லை. பொங்கலுக்கு முன்னால் வண்டியை விற்றோம். அன்றுதான் அவர் அழுவதை முதன்முதலாகப் பார்த்தேன்.

போன வருஷம் மகள் ஆட்டோமேடிக் கார் வாங்கி வந்தாள். "இதுக்கு இடது கையே வேணாம்பா, ஓட்டிப் பாருங்க" என்று பின்சீட்டிலிருந்து எட்டி, நடுவிலிருந்த ஹேண்ட் பிரேக்கை அவளே இறக்கிவிட்டாள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதே ஏரிக்கரைச் சரிவு வரை ஓட்டினார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம், கிழவருக்கு!

நிறுத்தியதும் கியரை மணிக்கட்டால் 'பி'க்கு, அதாவது பார்க்கிங்குக்குத் தள்ளினார். காலை மட்டும் பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை.

"பி-ல போட்டாச்சுல்லப்பா, அது போதும். எறங்குங்க."

அவர் இறங்கவில்லை. மடங்காத விரல்களை ஹேண்ட் பிரேக் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் குனிந்து, இரண்டு கைகளாலும் அதை இழுத்தேன். அதன்பிறகுதான் காலை எடுத்தார்.