ஐஸ் ரூமில் கனகராஜ்

சனிக்கிழமை ஒரு மணிக்கு வேலை முடியும். சிம்பாங் பூலாய் காய்கறிக் கிடங்கில் கனகராஜும் தர்மாவும் ஒருவர் வருகைக் கார்டை மற்றவர் மெசினில் அடித்துவிடுவது வழக்கம். பஸ்ஸுக்கு ஓடுகிறவர் முன்னால் போவார். பின்னால் வருகிறவர் இரண்டு கார்டையும் அடிப்பார். அன்று கனகராஜ் முன்னால் போய்விட்டார் என்று தர்மா இரண்டையும் அடித்தான். ஐஸ் ரூம் கதவு கூடை முட்டுக்கொடுத்துத் திறந்து கிடந்தது. அண்ணன் மறந்துபோய்விட்டார் என்று நினைத்து, கூடையை எடுத்துவிட்டுச் சாத்திப் போனான். உள்பக்கக் கைப்பிடி உடைந்து ஒரு வாரமாகியிருந்தது.

உள்ளே கோபிஸ் என்கிற முட்டைக்கோஸ் அடுக்கைச் சரிசெய்துகொண்டிருந்த கனகராஜுக்குக் காற்றாடி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு தட்டினார், கத்தினார். கைப்பேசி வெளியே சார்ஜில் இருந்தது. நாலு டிகிரி குளிர். இனித் திங்கள் காலையில்தான் ஆள் வரும்.

யார் தேடுவார்கள்? சுங்காய்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை மூடியதும் இருபது வயதில் ஈப்போவுக்கு வந்தார். இப்போது ஐம்பத்தாறு. மனைவி விமலா இறந்து நாலு வருஷம். ஜொகூரில் இருக்கும் மகள் சாந்தினி ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுவாள். எடுக்காவிட்டால் அப்பா தூங்குகிறார் என்று விட்டுவிடுவாள். கார்டோ அவர் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்லும்.

எந்நேரமும் எரியும் குழல்விளக்கில் பகல் இரவு தெரியவில்லை. பனி கரைவதற்காக ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை காற்றாடி நிற்கும், அதுதான் கடிகாரம். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று கூடைகளை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றினார். பிறகு பழையபடி இங்கே. பசித்தபோது கேரட்டைக் கடித்தார்.

ஒரு வழி இருந்தது. காற்றாடி வாயை அடைத்தால் ரூம் சூடேறும். பத்து டிகிரி தாண்டினால் முதலாளி தவுக்கேயின் கைப்பேசியில் மணி அடிக்கும். முதல் மணி நேரத்திலேயே தோன்றியதுதான். ஆனால் மூன்று டன் காய் கெட்டுப்போகுமே. இந்தக் கிடங்குக்கு வந்த இருபது வருஷத்தில் ஒரு கூடைகூட அவர் கையால் அழுகியதில்லை. வேண்டாம் என்று நடந்தார்.

காற்றாடி இரண்டாம் முறை நின்றது. கையிலிருந்த கேரட் விழுந்தது அவருக்குச் சத்தத்தில்தான் தெரிந்தது, விரலில் அல்ல.

காற்றாடி வாய்க்கு முன்னால் கூடைகளை அடுக்கத் தொடங்கினார். கூரை வரைக்கும், இடைவெளியில்லாமல், எப்போதும் அடுக்குகிற மாதிரியே நேராக.

மூன்றாம் முறை நின்று வெகுநேரம் கழித்துக் கதவு அசைந்தது. தர்மா, கையில் ஸ்பேனர் பெட்டியோடு.

“மெசின் ரோசாக், ரிப்பேர் பாருன்னு தவுக்கே அனுப்பினாரு...” என்று முணுமுணுத்தபடி வந்தவன் நின்றுவிட்டான்.

“அண்ணே. ஒங்க கார்ட நாந்தான் அடிச்சேன்.”

“தெரியும்லா.”

“கதவச் சாத்துனதும் நாந்தான்.”

தாங்கிப் பிடிக்க ஒரு கால் உள்ளே வைத்தான்.

“உள்ள வராதடா. கதவப் புடிச்சுக்க.”

தர்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். கனகராஜ் சுவரைத் தடவி, ஒவ்வொரு அடியாக, வெயிலுக்கு வந்தார்.