ஆம்பூர் மரியாதை

இருபது வருடம் எத்தியோப்பியாவில் இருந்தும் அந்த ஊர்க் காற்று தன் மேல் படவில்லை என்பதில் இன்பராஜுக்கு ரொம்பப் பெருமை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவரை அடிஸ் அபாபா கம்பெனி ஒன்று நல்ல சம்பளம் பேசி அழைத்துக்கொண்டது. மகள் ஜாஸ்மினுக்கு அப்போது நாலு வயது. அங்கே தனியறை, குக்கர், ஊறுகாய், ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஜெபம். எப்போதாவது லீவில் வந்துபோவார். அந்த ஊர்ப் புளித்த மாவு இஞ்சரா தோசையைப் பற்றிக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்.

ஒன்றுதான் பேஜார். அங்கே விருந்தாளியை மதித்தால், வீட்டுக்காரர் தன் கையாலேயே ஒரு கவளம் உருட்டி அவர் வாயில் ஊட்டிவிடுவார். மறுத்தால் அவமதிப்பு. முதலில் இன்பராஜ் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். பிறகு திறந்துகொண்டே விழுங்கினார். கடைசியில் தன் கீழே வேலை செய்த பிள்ளைகளுக்கு அவரே ஊட்ட ஆரம்பித்தார். இது மட்டும் அவருக்கே உறைக்கவில்லை.

வேலையை விட்டு ஊரோடு வந்த மாதமே ஜாஸ்மினைப் பெண் பார்க்க ராணிப்பேட்டையிலிருந்து வந்தார்கள். அவளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. பையனின் அப்பா டேனியல் தலையசைக்க வேண்டியதுதான் பாக்கி. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், சிரிக்கக்கூட யோசிக்கிற மனிதர்.

பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் இன்பராஜே பரிமாறிவிட்டு டேனியலோடு சாப்பிட உட்கார்ந்தார். "பிரமாதம்ங்க" என்று டேனியல் சொன்னதுதான் தாமதம், இன்பராஜுக்கு மனசு நிறைந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், சோற்றைக் கறியோடு உருட்டி நேராக டேனியலின் வாயில் வைத்துவிட்டார்.

மனைவி ரோஸ்லின் தலையில் கை வைத்துக்கொண்டாள். டேனியல் மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார்.

"ஆம்பூர்ல சம்பந்திக்கு மரியாதை இதானா?" என்றார் கடைசியில். "எங்க பக்கம் இன்னும் வரல. நல்லாத்தான் இருக்குது." பதிலுக்கு அவரும் ஒரு கவளம் உருட்டினார். சம்பந்தம் முடிவானது.

கார் போனதும் ரோஸ்லின் விழுந்து விழுந்து சிரித்தாள். ஜாஸ்மின் சிரிக்கவில்லை.

"அங்க யாருக்கெல்லாம்பா ஊட்டிவிட்டீங்க?"

"கூட வேலை செஞ்ச பசங்க, பொண்ணுங்க. அது அங்கத்த வழக்கம்மா."

"எனக்கு ஒரு வாய் ஊட்டுனதா ஞாபகமே இல்லப்பா."

இன்பராஜ் சமையலறைக்கு ஓடி பிரியாணி அண்டாவைச் சாய்த்துப் பார்த்தார். சம்பந்தி வீட்டாருக்கு ஒரு குறையும் வரக்கூடாதென்று அவரே அள்ளி அள்ளிப் பரிமாறி அதைக் காலி செய்திருந்தார்.