படுத்தால் வரும் வலி

காலையில் பேண்ட் போட ஒரு காலைத் தூக்க முடியவில்லை. முதல் அறிகுறி அதுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனைவி கலா, "இந்த வயசுலயே கெழவனாட்டம் நிக்கிறீங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. மகள் பவித்ரா தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

கடலூர் செம்மண்டலத்தில் ஒரு மெத்தைக் கடையில் விற்பனையாளன் நான். முதுகுவலி என்று வருகிறவர்களை மல்லாந்து படுத்து, இடுப்புக்குக் கீழே கையை விட்டுப் பார்க்கச் சொல்வேன். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை அவருக்குக் கடினம். நுழையவே இல்லையென்றால் மெத்தை உள்வாங்குகிறது. கூச்சப்படுகிறவர்களுக்கு நானே படுத்துக் காட்டுவேன். அன்றாடம் பத்துப் பேர் முன்னால் படுத்து எழுந்து சம்பளம் வாங்கியவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்படிப்பட்டவனுக்கே முதுகுவலி என்றால் கேலிக்குக் கேட்கவா வேண்டும்? "வாத்தியார் புள்ள மக்குங்கற மாதிரி ஆயிப்போச்சு ஒங்க கதை, மாமா" என்றான் கலாவின் தம்பி.

வீட்டிலிருந்த இலவம்பஞ்சு மெத்தையைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். அது போய்த் தேங்காய்நார் மெத்தை வந்தது. பிறகு ஃபோம், பிறகு ஸ்பிரிங். ஒவ்வொன்றும் முதல் வாரம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். புது மெத்தைக்கு உடம்பு பழக ஒரு மாதமாகும் என்று வாடிக்கையாளரிடம் சொல்வதை எனக்கும் சொல்லிக்கொண்டேன். அந்த மாதங்கள் சேர்ந்து சில வருடங்களாயின. படுத்தால் வலித்தது, எழுந்து நடமாடினால் குறைந்தது. குற்றம் மெத்தையுடையது என்று நினைக்க இதைவிட என்ன வேண்டும்?

கண்டுபிடித்தது முதுகு மருத்துவர் அல்ல, கண் மருத்துவர். ஒரு நாள் கண் ரத்தமாய்ச் சிவந்து வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனேன். யுவியைட்டிஸ் (கண்ணின் உட்பகுதியில் வரும் அழற்சி) என்றவர், "முதுகு வலி இருக்குதா?" என்று கேட்டார். கண்ணுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம் என்று எரிச்சலாக வந்தது. சிதம்பரத்தில் ஒரு வாதநோய் மருத்துவரிடம் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

பேருந்தில் செம்மங்குப்பம் தாண்டும்போதே எழுந்து நின்றுவிட்டேன். "சீட்டுதான் காலியா கீதே, ஒக்காருங்களேன்" என்றார் நடத்துனர். நிற்பதுதான் சுகமாக இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மருத்துவர் ஒரு பெண். பொறுமையாகக் கேட்டார். "ஓய்வு எடுத்தா வலி குறையுதா, ஜாஸ்தியாகுதா?"

"ஜாஸ்தியாவுது மேடம். நடந்தா சரியாயிடுது."

குதிகாலையும் முதுகையும் சுவரில் ஒட்டி நிற்கச் சொன்னார். பின்னந்தலையும் சுவரைத் தொட வேண்டுமாம். தொடவில்லை. நான்கு விரல் இடைவெளி இருந்தது.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பார்த்த பிறகு பெயரைச் சொன்னார். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் (முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி உண்டாகி, நாளடைவில் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும் வாதநோய்). "சாதாரண முதுகுவலி படுத்தா குறையும். இது படுத்தா கூடும். மெத்தையை மாத்தி இது போகாது. ஒட்டினது ஒட்டினதுதான். மேற்கொண்டு ஒட்டாம பார்த்துக்கலாம்" என்றார். இந்த நோய் உள்ளவர்கள் பலரிடம் இருக்கும் எச்.எல்.ஏ. பி27 (பெற்றோர் வழியாகப் பிள்ளைகளுக்கு வரக்கூடிய மரபணு) எனக்கும் இருந்தது.

"பொண்ணு ஒண்ணு இருக்குது மேடம்."

"வரலாம், வராமயும் போகலாம். இப்பவே பயந்துக்காதீங்க."

அந்த ஒரு சொல்லை மட்டும் நான் கேட்டு நடக்கவில்லை. மாத்திரை, ஊசி, தினமும் உடற்பயிற்சி, குப்புறப் படுத்தல் எல்லாம் செய்தேன். பயப்படாமல் மட்டும் இருக்க முடியவில்லை.

கடையில் இப்போது நான் படுத்துக் காட்டுவதில்லை. மல்லாந்தால் என் தலை மெத்தையைத் தொடாது. விலை உயர்ந்த மெத்தையில் தலை அந்தரத்தில் நிற்க ஒருவன் கிடப்பதைப் பார்த்தால் யார் வாங்குவார்கள்? முதுகுவலி என்று வருகிறவர்களிடம் மருத்துவரின் கேள்வியைக் கேட்கிறேன். படுத்தால் கூடுகிறதா, நடந்தால் குறைகிறதா? ஆமாம் என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. இதை வாசிக்கிற உங்களிடமும் அந்தக் கேள்வியையேதான் கேட்கிறேன்.

பவித்ரா இப்போது சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போன மாதம் போன் செய்தாள்.

"அப்பா, ஹாஸ்டல் மெத்த சரியில்லப்பா, முதுகு வலிக்குது. கடையிலேர்ந்து நல்லதா ஒண்ணு கொண்டாந்து குடுங்க."

கேட்க வாய் வரவில்லை. இருந்தும் கேட்டேன். "எப்பம்மா வலிக்குது?"

"காலைலதான். எழுந்திருக்கவே முடியல. கிளாஸுக்கு நடந்தேன்னா தன்னால சரியாயிடுது. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க."

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் நடந்தால் சரியாகிவிடுகிறது என்றாள், பாவம். போனை வைத்துவிட்டுக் கடையின் பின்பக்கம் போய் அழுதேன்.

மறுநாளே அவளை அதே மருத்துவரிடம் அழைத்துப்போனேன். ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். அவள் கேட்ட மெத்தையையும் கொண்டுபோயிருந்தேன். பெண்கள் விடுதி என்பதால் எனக்கு வாசலோடு சரி. அவளும் தோழியும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கினார்கள். அவள் குனிவதையும் நிமிர்வதையும் பார்த்துக்கொண்டே நின்றேன். சுலபமாகத்தான் நிமிர்ந்தாள். ஆனால் அப்போது நடுப்பகல். நடுப்பகலில் எனக்கும் உடம்பு கொஞ்சம் இளகிவிடும்.

பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. முன்பெல்லாம் காலையில் கண் விழித்ததும் என் முதுகைத்தான் நினைப்பேன். இந்த இறுக்கம் விடும்வரை என் நாள் தொடங்காது. இப்போது இறுக்கம் விட்டாலும் எழுந்திருப்பதில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு அப்படியே கிடக்கிறேன். சிதம்பரத்திலிருந்து, "எழுந்துட்டேன்ப்பா" என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது.