சனிக்கிழமைக்கு ஐந்து பேர்

சிறிய கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக இருப்பவருக்கு எதிரணியைப் பற்றிக் கவலைப்பட நேரமே இருப்பதில்லை. சொந்த அணி வருமா என்பதே முழுநேரக் கவலை. கூடைப்பந்தோ பூப்பந்தோ, நீங்கள் எந்த அணியை வைத்திருந்தாலும் வெள்ளிக்கிழமை மாலையே நீங்களும் விரல்விட்டு ஆள் எண்ணத் தொடங்கிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் எங்கள் கல்லூரிக்குத் தலைக்கவசம் வாங்க வசதியில்லை. அதனால் மோதாத வகையைத்தான் ஆடுகிறோம். அணிக்கு ஐந்து பேர். ஒவ்வொருவர் இடுப்பிலும் துணிப்பட்டைகள் தொங்கும். பந்தோடு ஓடுபவரின் பட்டையை உருவிவிட்டால் அவர் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

முதல்வர் அறை

போன ஆட்டத்துக்கு மூன்று பேர்தான் வந்தார்கள். ஆடாமலேயே தோற்றோம். திங்கட்கிழமை முதல்வர் அம்மையார் கூப்பிட்டார். பட்டியலில் எட்டுப் பேர் இருப்பதைக் காட்டினேன். அவர் ஒவ்வொரு பெயராக விசாரித்தார். இருவருக்குச் சனிக்கிழமை பகுதிநேர வேலை. ஒருவனுக்குக் கணுக்கால் சுளுக்கு. மீதி சரியாக ஐந்து. அவர் பேனாவை மூடி வைத்தார்.

“கோச், ஜெயிக்கச் சொல்லல. ஆள் வரணும். இன்னொரு வாட்டி வாக்ஓவர் கொடுத்தீங்கன்னா டீம க்ளோஸ் பண்ணிருவேன் லா.”

அம்மாவின் ஆட்டம்

செவ்வாய்க்கிழமை லோகனின் அம்மா வந்தார். லோகன்தான் எங்களுக்குப் பந்து எறிபவன். ஆளோடு ஆள் மோதி விழும் காட்சியை அவர் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் தைப்பூசம், மகன் காவடி எடுக்கிறான், எலும்பு முறிந்தால் என்ன செய்வது என்று கேட்டார். ஐந்தில் ஒன்று போனது என்றே நினைத்தேன். எங்கள் ஆட்டத்தில் மோதலே இல்லை என்று விதிகளை விளக்கினேன். அவர் எழுந்துபோய், பயிற்சிக்கு வந்து நின்ற மகனின் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தார். அது சட்டென்று கையோடு வந்தது.

“இவ்ளோதானா? இதுக்கா கோச், மைதானமே அதிர்ற மாதிரி கத்துறீங்க?”

பந்தின் தோல்

புதன்கிழமை ஹபிஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். ஐவரில் ஒருவனான மலாய்ப் பையன், கிள்ளானில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவன். எங்களோடு தமிழில்தான் பேசுவான். அமெரிக்காவில் இந்தப் பந்தைப் பன்றித்தோல் என்பார்களாமே, தொடலாமா என்று கேட்டான். பதறிப்போனேன். “அது வெறும் பட்டப்பேர். இது சுத்தமான மாட்டுத்தோல்!” என்று பந்தைத் தூக்கிக் காட்டினேன்.

ஹபிஸ் நிம்மதியாகக் கையை நீட்டினான். அந்தப் பக்கம் லோகன் தன் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் விரதத்தில் இருக்கிறான். தோல் இடைவாரைக்கூட வீட்டில் கழற்றி வைத்துவிட்டான். மாலை அணிந்த நாளிலிருந்து எறிந்தது மாட்டுத்தோல் என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. ஒருவனைக் காப்பாற்றப் போய் இன்னொருவனை இழந்தேன்.

“கோச், ஆட்டுத்தோல்ல பந்து செய்றாங்களான்னு கேட்டுப் பாருங்க. ரெண்டு பேருக்கும்… இல்ல, லோகனுக்கு அதுவும் ஆகாதுல்ல?” என்றான் ஹபிஸ்.

ரப்பர்ப் பந்து ஒன்று தேடிப் பிடித்தேன். தாக்கும்போது ஒவ்வோர் அணியும் தன் பந்தையே பயன்படுத்தலாம் என்று விதி இருக்கிறது. தடுக்கும்போது பட்டையை மட்டும் உருவினால் போதும் என்று லோகனிடம் சொன்னேன். ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரியென்றான்.

வந்துகொண்டே இருப்பவர்

சனிக்கிழமை, ஆட்டம் எட்டரைக்கு. ஏழே முக்காலுக்கு நான்கு பேர். ஹபிஸ் முந்தின நாள் சுங்கை பூலோவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தான். போன் செய்தேன். குரலுக்குப் பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“ஆன் தி வே கோச், ஆன் தி வே. டோல் கிட்ட வந்துட்டேன் லா.”

கைக்கு வந்தது

நடுவர் விசிலை வாயில் வைத்தபோது ஹபிஸ் தலை ஈரத்தோடு ஓடிவந்தான். ஐந்து பேர்! அதற்குப் பிறகு நான் ஏன் கவலைப்பட வேண்டும்? ஆனாலும் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன்.

கடைசி நிமிடம். இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். எதிரணிக்காரன் தவறாக எறிந்த பந்து நேராக லோகனின் மார்புக்கு வந்தது. அவனுக்கு முன்னால் ஒருவருமில்லை. பிடித்து ஓடினால் வெற்றி. அவன் இரு கைகளையும் விரித்துக்கொண்டு ஒதுங்கினான். எதிரணியின் தோல் பந்து புல்லில் விழுந்து உருண்டது. தோற்றோம். முதல்வருக்கு ஐந்து பேரின் படத்தை அனுப்பினேன். அடுத்த ஆட்டத்துக்குப் பேருந்துக்குச் சொல்லிவிட்டதாக அவரிடமிருந்து பதில் வந்தது. லோகன் தலையைக் குனிந்தபடி என்னிடம் வந்தான்.

“சாரி கோச். அந்தப் பந்து தைப்பூசம் முடிஞ்சு வந்திருந்தா கண்ண மூடிக்கிட்டுப் பிடிச்சிருப்பேன்.”

தோற்ற அன்று வயிறு நிறையச் சாப்பிட முடிகிற வேலை உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும்.