வெள்ளைக் கோட்டுக்கு மார்க் இல்லை

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. விமானப் பைத்தியம். ஐயப்பன்தாங்கலில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால், மீனம்பாக்கத்தில் இறங்கப்போகிற விமானங்கள் தாழ்வாக, பின்னால் கோடு எதுவும் இல்லாமல் போகும். எங்கோ உயரத்தில் போகிறவை மட்டும் சில நாள் வெள்ளைக் கோடு இழுக்கும். ஏன் என்று என்னைக் குடைந்தெடுத்தாள். எனக்குத் தெரியவில்லை. தானே தேடிப் படித்தாள்.

அரையாண்டுத் தேர்வில் கேள்வியே வந்துவிட்டது: விமானங்களால் புவி எவ்வாறு வெப்பமாகிறது? ஒரு பக்கம் எழுதினாள். கார்பன் டை ஆக்சைடு மட்டுமில்லை. மேலே குளிர்ந்த, ஈரமான காற்றில் என்ஜின் புகையின் கரித்துகள்மேல் நீராவி உறைந்துதான் அந்தக் கோடு. அது பரவி மேகமாக நின்றால், பகலில் கொஞ்சம் வெயிலைத் திருப்பி அனுப்பும், இரவும் பகலும் பூமியின் சூட்டை வெளியே விடாது. மொத்தத்தில் சூடுதான் மிஞ்சும். நைட்ரஜன் ஆக்சைடு பற்றியும் ஒரு வரி.

ஐந்துக்கு ஒன்று! அந்த ஒன்றும் கார்பன் டை ஆக்சைடு என்ற சொல்லுக்கு.

அவளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். மார்க் போனால் போகட்டும். கேள்வி கேட்பதையே இவள் விட்டுவிடுவாளோ என்றுதான் எனக்குப் பயம்.

"நாங்க ஆன்சர் கீ பார்த்துத்தான் சார் திருத்துறோம்" என்றார் ஆசிரியை. "கார்பன் டை ஆக்சைடு, பசுமை இல்ல வாயு, மரம் நடணும். அவ்ளோதான். அடிக்கோடு போட்டு எழுதச் சொல்லுங்க."

"இவ எழுதினது தப்பா மிஸ்?"

"தப்புன்னு யார் சார் சொன்னா? கீயில இல்ல."

தப்பில்லையாம், ஆனால் மார்க்கும் இல்லையாம். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. குரலை உயர்த்திக் கத்தினேன். தலைமையாசிரியர் வந்தார், அவரிடமும் கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

வெளியே காத்திருந்த ஆட்டோக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இன்னா சார் நீ, இதுக்குப் போயி டென்சனாய்க்கினு? அவுங்க கேக்கறத எழுதிக் குட்த்துட்டுப் போவட்டும் பாப்பா." ஊரே ஒரே கீயை வைத்துக்கொண்டிருக்கிறது என்று எரிச்சலாக வந்தது.

முழுஆண்டுத் தேர்வில் அதே கேள்வி. விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். மூன்றே வரி. ஸ்கேல் வைத்து அடிக்கோடு. கடைசியில் மரம் நட வேண்டும். ஐந்துக்கு ஐந்து.

"தெரிஞ்சதை ஏம்மா எழுதல?" என்றேன்.

"ஃபுல் மார்க் வாங்கிட்டேன்ல" என்றாள். "இனிமே ஸ்கூலுக்கு வந்து சண்டை போட மாட்டீங்கல்லப்பா?"